டெடிகேட்டட் சர்வர் எடுத்து மூன்றே நாளில் அபியூஸ் மெயில், எங்கே ஓட்டை விட்டேன்?

நூல்கண்டு | திங்கள் இரவு 10.40

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஈரோட்டில் நானும் நண்பனும் சேர்ந்து வெப்சைட் செய்து கொடுக்கிறோம். ஜவுளிக் கடைகள், மண்டபங்கள், ஒரு மஞ்சள் மண்டி, இரண்டு மெட்ரிக் பள்ளிகள் என்று மொத்தம் 37 சைட். முக்கால்வாசி வேர்ட்பிரஸ். பள்ளிகளுக்கு மட்டும் கட்டணம் கட்டுவதற்கு லாராவெல்லில் (பிஹெச்பி மொழிக்கான ஒரு சட்டகம்) நாங்களே எழுதிய ஒரு அப்ளிகேஷன். இதுவரை எல்லாம் ஷேர்டு ஹோஸ்டிங்கில் (பலர் பங்கு போடும் சர்வர்) ஓடியது. போன ஜூனில் பள்ளி திறந்த வாரம் பெற்றோர் எல்லாரும் ஒரே காலையில் கட்டணம் கட்ட வந்ததும் 503 (சர்வரால் தாங்க முடியவில்லை என்ற பிழை) வந்து நின்றுவிட்டது, தாளாளர் எனக்குப் போன் செய்து பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. அதனால்தான் ஜெர்மனியில் எங்களுக்கு மட்டுமே என்று ஒரு டெடிகேட்டட் சர்வர் வாடகைக்கு எடுத்தோம். 8 கோர், 64 ஜிபி ராம், 1 டிபி என்விஎம்இ இரண்டு. மாதம் ஐந்தாயிரத்துக்குள் முடிந்தது.

வெள்ளிக்கிழமை கைக்கு வந்தது. உபுண்டு 24.04 போட்டேன். ரூட் (முழு அதிகாரம் உள்ள பயனர்) பாஸ்வேர்ட் 18 எழுத்து. யூஎஃப்டபிள்யூ என்ற ஃபயர்வால் போட்டு 22, 80, 443 போர்ட்களை (சர்வரின் கதவு எண்கள்) மட்டும் திறந்தேன். தப்பாகத் தட்டும் ஐபிகளைத் தடுக்கும் ஃபெயில்2பேன் போட்டேன். டாக்கரில் (ஒவ்வொரு மென்பொருளையும் கன்டெய்னர் என்ற தனிப் பெட்டியில் ஓட்டுவது) லாராவெல், டேட்டாபேஸுக்கு மைஎஸ்கியூஎல், தற்காலிக டேட்டாவுக்கு ரெடிஸ். மூன்று வேர்ட்பிரஸ் சைட்டையும் ஒரு பள்ளியின் அப்ளிகேஷனையும் சனிக்கிழமை மாற்றினேன். அன்று இரவு சும்மா லாகைத் திறந்து பார்த்தால் 11,000 தடவைக்கு மேல் யாரோ ரூட் என்ற பெயரில் உள்ளே வர முயன்றிருக்கிறார்கள். அப்போதே வயிற்றைக் கலக்கியது.

இன்று சாயங்காலம் சர்வர்காரர்களிடமிருந்து அபியூஸ் (முறைகேட்டுப் புகார்) மெயில். உங்கள் ஐபியிலிருந்து மற்ற மெஷின்களின் 6379 போர்ட்டை வரிசையாகத் தட்டிக்கொண்டிருக்கிறது, 24 மணி நேரத்துக்குள் விளக்கம் தராவிட்டால் ஐபியைப் பூட்டிவிடுவோம் என்று. டாப் கமாண்ட் போட்டுப் பார்த்தால் சிபியு முழுக்க எதுவோ தின்கிறது.

என் ரூட் பாஸ்வேர்டை உடைத்துவிட்டார்களா? எஸ்எஸ்ஹெச் (தூரத்திலிருந்து சர்வருக்குள் நுழையும் வழி) போர்ட்டை 22-லிருந்து மாற்றாததுதான் தப்பா? காசு கொடுத்து ஏதாவது செக்யூரிட்டி பேனல் வாங்க வேண்டுமா? வாடிக்கையாளர் யாரிடமும் இன்னும் சொல்லவில்லை. அந்தப் பள்ளியில் இரண்டு நாள் கட்டணப் பதிவு இந்த சர்வரில் மட்டும்தான் இருக்கிறது.

சாம்பல்_டெர்மினல் | திங்கள் இரவு 11.05

முதலில் ரீபூட் செய்யாதீர்கள். எதையும் அழிக்கவும் வேண்டாம்.

அந்த 11,000 தட்டல்களை மறந்துவிடுங்கள். பஸ் ஸ்டாண்டில் பையோடு நின்றால் பத்து ஆட்டோக்காரர்கள் "எங்க போகணும் சார்" என்று கேட்பார்கள் இல்லையா, அந்த மாதிரிதான். இணையத்தில் ஐபி உள்ள எந்தப் பெட்டிக்கும் சுவிட்ச் போட்ட சில நிமிடங்களில் தொடங்கிவிடும். உங்கள் 18 எழுத்து பாஸ்வேர்ட் வேறெங்கும் பயன்படுத்தாததாக இருந்தால் அதை ஊகித்து உள்ளே வந்திருக்க வாய்ப்பே இல்லை. போர்ட்டை மாற்றினால் லாகில் சத்தம் குறையும், அவ்வளவுதான்.

எனக்கு உறுத்துவது வேறு. வெளியே 6379-ஐத் தட்டுகிற பூச்சி பெரும்பாலும் 6379 வழியாகவே உள்ளே வந்திருக்கும். அது ரெடிஸின் போர்ட். மூன்று விஷயம் போடுங்கள்: டாப்பில் சிபியு தின்னும் ப்ராசஸின் பெயரும் பயனரும், எந்தெந்த போர்ட் கேட்டுக்கொண்டிருக்கிறது என்று எஸ்எஸ் கமாண்ட் காட்டுவது, டாக்கர் பிஎஸ் கமாண்ட் காட்டுவது.

நூல்கண்டு | திங்கள் இரவு 11.31

அண்ணா, டாப்பில் முதலில் நிற்பது கேடெவ்டிஎம்பிஎஃப்எஸ்ஐ. சிபியு 790 சதவீதம். பயனர் இடத்தில் பெயர் இல்லை, 999 என்று எண் மட்டும். கெர்னல் சம்பந்தப்பட்டது போலிருக்கிறதே என்று அதைத் தொடவில்லை.

டாக்கர் பிஎஸ்ஸில் ரெடிஸுக்கு எதிரே 0.0.0.0:6379 என்று இருக்கிறது, மைஎஸ்கியூஎல்லுக்கு 0.0.0.0:3306. ஆனால் யூஎஃப்டபிள்யூ ஸ்டேட்டஸில் இப்போதும் 22, 80, 443 மட்டும்தான் காட்டுகிறது! 6379-ஐ நான் திறக்கவே இல்லை. பிறகு எப்படி?

சாம்பல்_டெர்மினல் | செவ்வாய் நள்ளிரவு 12.10

கண்டுபிடித்தாயிற்று. பெயரைக் கவனியுங்கள். கெர்னலில் உண்மையிலேயே கேடெவ்டிஎம்பிஎஃப்எஸ் என்று ஒன்று உண்டு, அதைப் பட்டியலில் சதுர அடைப்புக்குள் காட்டும். உங்களிடம் இருப்பதற்குக் கடைசியில் ஒரு 'ஐ' கூடுதல். நீங்கள் செய்தது போலவே பார்ப்பவர்கள் "கெர்னல் சமாச்சாரம்" என்று விட்டுவிட வேண்டும் என்பதற்காகத்தான் அந்தப் பெயர். கின்சிங் என்ற மால்வேர் குடும்பம், 2020 முதலே சுற்றுகிறது. உங்கள் சிபியுவில் மொனேரோ என்ற கிரிப்டோ காசு தோண்டிக்கொண்டே, அடுத்த வீடு எது திறந்திருக்கிறது என்று தேடும். அந்தத் தேடலைத்தான் சர்வர்காரர்கள் பிடித்திருக்கிறார்கள். பயனர் 999 என்பது ரெடிஸ் கன்டெய்னருக்குள் இருக்கும் ரெடிஸ் பயனரின் எண். ஆக, உங்கள் ரூட்டை யாரும் உடைக்கவில்லை.

இப்போது யூஎஃப்டபிள்யூ விஷயம். இதில் அடிபடாத ஆள் குறைவு, நானும் ஒரு காலத்தில் அடிபட்டிருக்கிறேன். யூஎஃப்டபிள்யூ தன் விதிகளை லினக்ஸின் பாக்கெட் வடிகட்டியான ஐபிடேபிள்ஸின் இன்புட் சங்கிலியில் எழுதுகிறது, அதாவது இந்த மெஷினுக்கே வரும் பாக்கெட்டுகளுக்கு. டாக்கரில் ஒரு போர்ட்டை பப்ளிஷ் செய்தால் அது நேட் (முகவரி மாற்றும்) பலகையில் தனியாக ஒரு விதி எழுதி, வரும் பாக்கெட்டின் முகவரியை அப்போதே கன்டெய்னரின் முகவரியாக மாற்றிவிடும். அப்புறம் அந்தப் பாக்கெட் இந்த மெஷினுக்கானதே இல்லை, இன்புட் பக்கம் போகாமல் ஃபார்வர்ட் வழியாகப் போய்விடும். வாசலில் காவல்காரர் விழிப்பாகத்தான் இருந்தார், டாக்கர் பக்கச் சுவரில் கதவு வைத்துவிட்டது. யூஎஃப்டபிள்யூ ஸ்டேட்டஸ் பொய் சொல்லவில்லை, அதற்குத் தெரிந்ததை மட்டும் சொல்கிறது.

உங்கள் கம்போஸ் (கன்டெய்னர்களின் அமைப்பு) கோப்பில் போர்ட்ஸ் என்பதற்குக் கீழே 6379:6379 என்று இருக்கும். லேப்டாப்பில் டெவலப் செய்யும்போது போட்டது, அப்படியே காப்பி ஆகி வந்திருக்கும், சரியா? லாராவெல்லும் ரெடிஸும் ஒரே டாக்கர் நெட்வொர்க்கில் இருந்தால் அந்த வரியே தேவையில்லை. சர்வரிலிருந்து நீங்கள் எட்டிப்பார்க்க வேண்டும் என்றால் 127.0.0.1:6379:6379 என்று எழுதுங்கள் (127.0.0.1 என்றால் இந்த மெஷினுக்குள் மட்டும்). முன்னால் அந்த ஒரு ஐபி இல்லாததுதான் உங்கள் மூன்று நாள் கதை.

இன்னொன்று. ரெடிஸை நேரடியாக நிறுவினால் பாஸ்வேர்ட் இல்லாத நிலையில் வெளியாட்களைத் தடுக்கும் ப்ரொடெக்டட் மோட் இருக்கும். டாக்கர் இமேஜில் (கன்டெய்னரை உருவாக்கும் அச்சு) அது அணைத்தே வருகிறது, மற்ற கன்டெய்னர்கள் பேச வேண்டும் என்பதற்காக. இமேஜ் எந்த வெர்ஷன்? 4 அல்லது 5 என்றால் தாக்குபவன் "நான்தான் உன் மாஸ்டர், என்னிடமிருந்து காப்பி எடு" என்று ரெடிஸிடம் சொல்லி, காப்பி என்ற பெயரில் ஒரு மாட்யூலை இறக்கி, அதை வைத்து எந்தக் கமாண்டையும் ஓட்டலாம். 7-இலிருந்து மாட்யூல் ஏற்றும் கமாண்டை இயல்பாகவே மூடிவிட்டார்கள்.

இன்று இரவே செய்ய வேண்டியது: டாக்கரை நிறுத்துங்கள். அபியூஸ் மெயிலுக்கு நாலு வரி ஆங்கிலத்தில் பதில் போடுங்கள், ரெடிஸ் திறந்து கிடந்தது, காசு தோண்டும் மைனர் நுழைந்தது, நிறுத்திவிட்டோம், மீண்டும் நிறுவப் போகிறோம் என்று. மனிதர்தான் படிப்பார், மழுப்பாமல் சொன்னால் பூட்ட மாட்டார்கள். அப்புறம் கன்ட்ரோல் பேனலில் ரெஸ்க்யூ சிஸ்டத்தைப் போட்டு பூட் செய்யுங்கள். அது நெட்வொர்க் வழியாக ராமில் ஏறும், உங்கள் டிஸ்கிலிருந்து எதையும் ஓட்டாது. டிஸ்கை ரீட்-ஒன்லியாக மவுண்ட் செய்து மைஎஸ்கியூஎல் டேட்டா கோப்புறையையும் அப்லோட் படங்களையும் மட்டும் லேப்டாப்புக்கு இழுங்கள். நிரலை (கோட்) எடுக்காதீர்கள், அது கிட்டில் (நிரல் சேமிக்கும் இடம்) இருக்கும், இருக்க வேண்டும். அப்புறம் டிஸ்கை முழுசாக ஃபார்மட் செய்து மறுபடி நிறுவுங்கள்.

வெள்ளிக்கிழமை_டிப்ளாய் | செவ்வாய் காலை 8.20

காரணம் சரி, ஆனால் முழுசாக ஃபார்மட் செய்யச் சொல்வது கொஞ்சம் அதிகம். கன்டெய்னருக்குள் வந்தவன் கன்டெய்னருக்குள்தானே இருக்கிறான்? அந்த ரெடிஸ் கன்டெய்னரையும் இமேஜையும் தூக்கிப் போட்டுவிட்டு, போர்ட்டை மூடி, புதிதாக ஏற்றினால் போதும். கன்டெய்னர் என்று ஒன்று எதற்கு இருக்கிறது. எங்கள் ஆபீசில் இதே மாதிரி நடந்தபோது பத்து நிமிடத்தில் முடித்தோம், அதற்குப் பிறகு ஒரு தொந்தரவும் இல்லை.

சாம்பல்_டெர்மினல் | செவ்வாய் காலை 9.02

@வெள்ளிக்கிழமை_டிப்ளாய், தொந்தரவு இல்லை என்றால் கண்ணில் படவில்லை என்றும் இருக்கலாமே. சண்டைக்குச் சொல்லவில்லை. இவர் விஷயத்தில் ரெடிஸில் என்ன இருந்தது என்று யோசியுங்கள். லாராவெல்லின் கேஷ், செஷன், க்யூ (பிறகு செய்ய வேண்டிய வேலைகளின் வரிசை). க்யூவில் போடும் வேலைகள் சீரியலைஸ் செய்த (எழுத்தாக மடித்து வைத்த) பிஹெச்பி ஆப்ஜெக்ட்கள். ரெடிஸில் எழுத முடிந்தவன் அந்த க்யூவிலும் எழுதலாம், அதை எடுத்துப் பிரிப்பது லாராவெல் ஒர்க்கர். அதாவது அடுத்த கன்டெய்னருக்குள் போக வழி இருந்தது. அந்தக் கன்டெய்னரின் என்வ் (ரகசிய அமைப்புகள்) கோப்பில் டேட்டாபேஸ் பாஸ்வேர்ட், பேமென்ட் கேட்வே சாவி, மெயில் பாஸ்வேர்ட் எல்லாம் உண்டு. பக்கத்திலேயே மைஎஸ்கியூஎல்லும் வெளியே திறந்து கிடந்தது.

போனான் என்று சொல்லவில்லை, அந்தப் பூச்சிக்கு அவ்வளவு பொறுமை இருக்காது. ஆனால் மூன்று நாள் திறந்த வீட்டுக்குள் அது ஒன்று மட்டும்தான் வந்தது என்று யார் கையெழுத்துப் போடுவது? டாக்கர் சாக்கெட்டை (டாக்கரையே இயக்கும் வழி) எந்தக் கன்டெய்னருக்காவது மவுண்ட் செய்திருந்தால் ஹோஸ்ட்டும் போயிற்று. நாலு சைட், மூன்று நாள் வயசுள்ள சர்வர். மறுபடி நிறுவ ஒரு மணி நேரம். யாரும் வரவில்லை என்று நிரூபிக்க ஒரு வாரம் போதாது.

வெள்ளிக்கிழமை_டிப்ளாய் | செவ்வாய் காலை 9.15

க்யூ பக்கம் யோசிக்கவில்லை. சரி, ஃபார்மட்டே செய்யட்டும். (எங்கள் ஆபீஸ் சர்வரை நினைத்தால் இப்போது எனக்கே கொஞ்சம் பயமாக இருக்கிறது.)

கிணற்றடி | செவ்வாய் காலை 11.40

தம்பி, புதிதாக நிறுவப் போகிறாய் என்றால் இந்தத் தடவை வரிசையை மாற்றிப் போடு. நான் பதினைந்து வருஷமாக இந்த வேலைதான், விபிஎஸ்ஸுக்கும் (ஒரு சர்வரைப் பிரித்துத் தரும் மெய்நிகர் சர்வர்) டெடிகேட்டடுக்கும் வித்தியாசம் தெரியாமல் மாட்டிக்கொண்டவர்களை நிறையப் பார்த்தாயிற்று. விபிஎஸ்ஸில் ஸ்னாப்ஷாட் பொத்தான் இருக்கும், ப்ரௌசரிலேயே கன்சோல் திறக்கும், டிஸ்க் போனால் அவர்கள் கவலை. டெடிகேட்டடில் உனக்கு ஒரு இரும்புப் பெட்டியும் ஒரு கரண்ட் வயரும் ஒரு நெட்வொர்க் வயரும் தருகிறார்கள். மற்றதெல்லாம் உன் தலையில்.

முதல் வேலை, ஓஎஸ் போடுவதற்கு முன்னால், ரெஸ்க்யூவில் இருக்கும்போதே ஸ்மார்ட்சிடிஎல் ஓட்டி இரண்டு டிஸ்கும் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கின்றன, தேய்மானம் எவ்வளவு என்று பார். விலை குறைவாகக் கிடைத்திருப்பதைப் பார்த்தால் இன்னொருவர் விட்டுப்போன பெட்டியாக இருக்கும், அதில் தப்பில்லை, ஹெட்ஸ்னர் போன்ற சர்வர் கம்பெனிக்காரர்கள் அப்படிப்பட்டதை ஏலப் பக்கம் என்று வைத்தே கொடுக்கிறார்கள், அமைப்புக் கட்டணமும் கிடையாது. ஆனால் 40,000 மணி நேரம் என்றால் நாலரை வருஷம் இடைவிடாமல் ஓடிய டிஸ்க். தேய்மானம் எல்லை தாண்டியிருந்தால் டேட்டா ஏற்றுவதற்கு முன்பே ஒரு டிக்கெட் போட்டு மாற்றித் தரச் சொல், ஏற்றிய பிறகு கேட்டால் உனக்குத்தான் இரட்டை வேலை. இரண்டையும் ரெய்டு 1-ஆக, அதாவது ஒன்றின் நகல் மற்றதில் இருக்கும்படி, போடு. சிலர் "2 டிபி கிடைக்குமே" என்று ரெய்டு 0 (நகல் இல்லாமல் சேர்ப்பது) போடுவார்கள், அவர்களோடு எனக்குப் பேச்சு இல்லை.

இரண்டாவது ஃபயர்வால். சர்வருக்குள் இருக்கும் யூஎஃப்டபிள்யூவை டாக்கர் தாண்டியது போல, சர்வருக்கு வெளியே சுவிட்சில் இருக்கும் ஃபயர்வாலைத் தாண்ட முடியாது. உன் கன்ட்ரோல் பேனலில் அப்படி ஒன்று இருக்கிறதா பார், பெரும்பாலும் இலவசம். ஒரு எச்சரிக்கை, அவற்றில் சில ஸ்டேட்லெஸ் வகை. நீ வெளியே கேட்ட கேள்விக்கு வரும் பதிலையும் அந்நியன் என்று நினைத்துத் தடுத்துவிடும். போட்டவுடன் ஏபிடி (மென்பொருள் இறக்கும் கமாண்ட்) அப்டேட் அப்படியே தொங்கும், டிஎன்எஸ் வேலை செய்யாது, நீ உபுண்டுவைத் திட்டுவாய். டிசிபியில் ஏக் கொடி (பதில் என்று காட்டும் குறி) உள்ளவற்றையும், 32768 முதல் 65535 வரை திரும்பி வரும் பதில்களையும் அனுமதித்தால் சரியாகிவிடும்.

எஸ்எஸ்ஹெச்சுக்கு சாவி மட்டும். லேப்டாப்பில் ஈடி25519 சாவி ஒன்று உருவாக்கு, அதற்குப் பாஸ்ஃப்ரேஸ் வை, சர்வரில் பாஸ்வேர்ட் நுழைவை முழுக்க அணை. இதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. உபுண்டுவில் முக்கிய கான்ஃபிக் கோப்பின் தலையிலேயே இன்னொரு கோப்புறையைச் சேர்த்துக்கொள்ளும் வரி உண்டு, எஸ்எஸ்ஹெச்சில் முதலில் வந்த மதிப்புதான் செல்லும். அந்தக் கோப்புறையில் 50 என்று தொடங்கும் கிளவுட்-இனிட் கோப்பு ஒன்று சில இமேஜ்களில் "பாஸ்வேர்ட் சரி" என்று சொல்லிக்கொண்டிருக்கும், நீ கீழே "வேண்டாம்" என்று எழுதியது காற்றோடு போகும். அதனால் எழுதியதை நம்பாதே, எஸ்எஸ்ஹெச்டியைப் பெரிய டி கொடி போட்டு ஓட்டினால் உண்மையில் எது நடப்பில் இருக்கிறது என்று காட்டும். மாற்றும்போது பழைய ஜன்னலை மூடாமல் புது ஜன்னலில் நுழைந்து பார். பூட்டிக்கொண்டால் கேவிஎம் (தூரத்திலிருந்து திரையும் கீபோர்டும்) கேட்டு டிக்கெட் போட்டுக் காத்திருக்க வேண்டும்.

அப்புறம் ஃபெயில்2பேன் பற்றி. ஐந்து தடவை தப்பானால் பத்து நிமிடம் தடை, அதுதான் இயல்பு அமைப்பு. சாவி மட்டும் என்று ஆன பிறகு அதனால் பெரிய பிரயோஜனம் இல்லை, வேர்ட்பிரஸ் லாகின் பக்கத்துக்கு வேண்டுமானால் வைத்துக்கொள்.

அந்த வேர்ட்பிரஸ்தான் உன் அடுத்த தலைவலி, 37 சைட் என்று சொன்னாய். எல்லாவற்றையும் ஒரே பயனரின் கீழ் ஓட்டினாயானால் ஏதோ ஒரு மண்டபத்துக்காரர் எங்கிருந்தோ இறக்கிய ஓசி ஸ்லைடர் ப்ளகின் ஒன்று போதும், மற்ற 36-இலும் எழுதிவிட்டுப் போவான். ஒரு சைட்டுக்கு ஒரு லினக்ஸ் பயனர், ஒரு பிஹெச்பி எஃப்பிஎம் பூல் (பிஹெச்பி ஓட்டும் ப்ராசஸ் கூட்டம்), ஒரு டேட்டாபேஸ் பயனர். அலுப்பான வேலைதான், ஒரு தடவை ஸ்கிரிப்ட் எழுதிவிட்டால் தீர்ந்தது. அட்மின் பக்கத்திலிருந்து கோப்பைத் திருத்தும் வசதியையும் கான்ஃபிக்கில் அணைத்துவிடு. காசு கொடுத்து பேனல் வாங்கலாமா என்று கேட்டாய். பேனலும் இன்னொரு திறந்த கதவுதான், அதையும் நீதான் அப்டேட் செய்துகொண்டிருக்க வேண்டும்.

பேக்அப் எங்கே எடுக்கிறாய்?

நூல்கண்டு | செவ்வாய் மதியம் 1.25

அக்கா, ரெய்டு 1 போட்டிருந்தேன். தினமும் இரவு டம்ப் (டேட்டாபேஸின் முழு நகல்) எடுத்து அதே சர்வரில் ஒரு கோப்புறையில் வைக்க க்ரான் (நேரத்துக்குத் தானாக ஓடும் வேலை) போட்டிருக்கிறேன்...

எழுதும்போதே புரிகிறது.

கிணற்றடி | செவ்வாய் மதியம் 1.50

புரிந்தால் சரி. ரெய்டு என்பது நீ தப்பாக அழித்ததை இரண்டு டிஸ்கிலும் ஒரே நேரத்தில் அழித்துக் கொடுக்கும். அதே பெட்டியில் இருக்கும் பேக்அப்பை உள்ளே வந்தவனும் அழிப்பான். அதே கட்டிடத்தில் வைத்தாலும் போதாது, 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க்கில் ஓவிஹெச் என்ற சர்வர் கம்பெனியின் ஒரு கட்டிடம் முழுக்க எரிந்துபோனது, பேக்அப்பையும் அங்கேயே வைத்திருந்தவர்களுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. போர்க் அல்லது ரெஸ்டிக் என்ற பேக்அப் கருவி போட்டு வேறு ஊரில் உள்ள இடத்துக்கு அனுப்பு. போர்க்கில் அப்பெண்ட்-ஒன்லி என்று ஒன்று உண்டு, அந்தச் சாவியோடு வருபவர் சேர்க்கலாம், பழையதை உண்மையாக அழிக்க முடியாது. சர்வருக்கு அந்தச் சாவியை மட்டும் கொடு.

எடுத்ததை மாதம் ஒரு தடவை லேப்டாப்பில் திருப்பி ஏற்றிப் பார். ஏற்றிப் பார்க்காததை நான் பேக்அப் கணக்கில் சேர்ப்பதில்லை.

கணக்குப்பிள்ளை_2.0 | செவ்வாய் மாலை 5.10

டெக்னிக்கல் எனக்குத் தெரியாது, ஒரு ஹோஸ்டிங் கடைக்குக் கணக்கு பார்க்கிறேன், அந்தப் பக்கம் மட்டும் சொல்கிறேன்.

2021 அக்டோபர் 1-லிருந்து ரிசர்வ் வங்கி விதிப்படி கார்டில் மாதாமாதம் தானாகப் பிடிப்பதற்கு முன்கூட்டியே ஒப்புதல் பதிவு வேண்டும், வெளிநாட்டுக் கம்பெனிகளில் பல இதற்குள் வரவில்லை. முதல் மாதம் போகும், இரண்டாம் மாதம் போகாது, நீங்கள் கவனிக்க மாட்டீர்கள், சர்வர் நின்ற பிறகுதான் தெரியும். எங்கள் கடையில் முதலாளி குலதெய்வம் கோயிலுக்குப் போயிருந்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை இப்படி ஆயிற்று. கணக்கில் முன்பணம் போட்டு வைக்க வழி இருந்தால் மூன்று மாதத்துக்குப் போட்டு வையுங்கள். ஜிஎஸ்டி பதிவு இருந்தால் வெளிநாட்டு சேவைக்கு 18 சதவீதம் ரிவர்ஸ் சார்ஜில் நீங்களே கட்ட வேண்டும், பிறகு உள்ளீட்டு வரியாக எடுத்துக்கொள்ளலாம். கார்டுக்காரர்கள் பிடிக்கும் மாற்றுக் கட்டணம் தனி. ஐந்தாயிரத்துக்குள் என்று நினைத்ததை இதோடு சேர்த்துப் பாருங்கள்.

அப்புறம், கம்பெனியாகப் பதிவு செய்திருக்கிறீர்களா? நாட்டின் சைபர் பாதுகாப்பு அமைப்பான சிஇஆர்டி-இன் 2022 ஏப்ரல் 28 அன்று போட்ட உத்தரவுப்படி இந்த மாதிரி நுழைவு தெரிந்த 6 மணி நேரத்துக்குள் அவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும், லாகை 180 நாள் வைத்திருக்க வேண்டும். ஃபார்மட் செய்வதற்கு முன்னால் லாகை எடுத்து வையுங்கள். மெயில் ஒன்று அனுப்பினால் போதும், யாரும் கைது செய்ய வர மாட்டார்கள்.

மணிக்கூண்டு | செவ்வாய் இரவு 9.30

எல்லாம் சரி, 37 சின்ன சைட்டுக்கு டெடிகேட்டட் எதற்கு? மண்டபத்து சைட்டை ஒரு நாளைக்கு இருபது பேர் பார்ப்பார்களா? மும்பையில் ஒரு நடுத்தர விபிஎஸ், முன்னால் ஒரு கேஷ், முடிந்தது கதை. ஈரோட்டிலிருந்து ஜெர்மனி போய் வர 150 மில்லிசெகண்ட் பக்கம் ஆகும், மும்பை என்றால் அதில் நாலில் ஒரு பங்குகூட ஆகாது. ஜூனில் 503 வந்ததற்குக் காரணம் ஷேர்டு ஹோஸ்டிங்கின் ப்ராசஸ் வரம்பு, இரும்பு போதாததால் இல்லை.

நூல்கண்டு | புதன் காலை 7.45

@மணிக்கூண்டு, நியாயம்தான். மும்பையிலும் விசாரித்தேன், அதே அளவு டெடிகேட்டடுக்கு எனக்குச் சொன்ன விலை மூன்று மடங்கு. விபிஎஸ் போதும் என்று நண்பனும் சொன்னான், 64 ஜிபி என்று பார்த்ததும் நான்தான் மயங்கிவிட்டேன். ஒரு மாத வாடகை கட்டியாயிற்று, இந்த மாதம் இதில் கற்றுக்கொள்கிறேன்.

@கணக்குப்பிள்ளை, 6 மணி நேரம் எப்போதோ தாண்டிவிட்டது, இருந்தாலும் நேற்று இரவு அனுப்பிவிட்டேன். லாகை எடுத்து வைத்திருக்கிறேன். சர்வர்காரர்கள் பதிலை ஏற்றுக்கொண்டார்கள், ஐபியைப் பூட்டவில்லை. ரெடிஸ் இமேஜ் 5-தான், 2019-இல் ஒரு பயிற்சிக்காக எழுதிய கம்போஸ் கோப்பு, அன்றிலிருந்து காப்பி செய்துகொண்டே வந்திருக்கிறேன்.

பள்ளியில் சொல்லித்தான் ஆக வேண்டுமா? பெற்றோரின் போன் நம்பர் எல்லாம் அந்த டேட்டாபேஸில் இருக்கிறது.

சாம்பல்_டெர்மினல் | புதன் காலை 8.30

சொல்லுங்கள். இன்றே, நேரில் போய். மூன்று நாள் சர்வர் திறந்திருந்தது, டேட்டா எடுத்ததற்குத் தடயம் இல்லை, ஆனால் எடுக்கவில்லை என்று உறுதி கொடுக்க முடியாது, எல்லா பாஸ்வேர்டும் சாவியும் மாற்றிவிட்டோம் என்று. திட்டுவார்கள். வேறு யாரோ சொல்லித் தெரிந்தால் அதோடு பள்ளி போய்விடும். மாற்றும் பட்டியலில் லாராவெல்லின் ஆப் கீயையும் (மறையாக்கச் சாவி) கேட்வே சாவியையும் மறக்காதீர்கள்.

நூல்கண்டு | அடுத்த வியாழன் இரவு 10.15

மறுபடி வந்துவிட்டேன். தாளாளர் திட்டினார், ஆனால் போன ஜூன் அளவுக்கு இல்லை. இரண்டு நாள் கட்டணப் பதிவும் முழுசாகக் கிடைத்தது, கேட்வே அறிக்கையோடு வைத்துப் பார்த்தேன், ஒரு ரூபாய் குறையவில்லை.

ஒரு டிஸ்க் 51,000 மணி நேரம் ஓடியிருந்தது, டிக்கெட் போட்டேன், மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். வெளி ஃபயர்வால் போட்டேன், அக்கா சொன்ன மாதிரியே ஏபிடி தொங்கியது, சிரித்துக்கொண்டே சரிசெய்தேன். நண்பனின் மொபைல் ஹாட்ஸ்பாட்டிலிருந்து சர்வரின் போர்ட்களைத் தட்டிப் பார்த்தோம், மூன்று மட்டும்தான் திறந்திருக்கிறது. இதை முதல் நாளே வெளியிலிருந்து செய்திருந்தால் இரண்டு நிமிடத்தில் தெரிந்திருக்கும்.

இப்போது புதிதாக ஒன்று. பேக்அப்பை லேப்டாப்பில் ஏற்றிப் பார்த்தேன். மூன்று சைட் சரி. பழைய மண்டபத்து சைட் ஒன்றில் தமிழ் எல்லாம் போய்விட்டது, எங்கு பார்த்தாலும் தலையில் கோடு போட்ட ஏ எழுத்தும், வட்டத்துக்குள் ஆர் எழுத்தும்தான் மாறி மாறி வருகின்றன. ஆங்கிலம் மட்டும் சரியாக இருக்கிறது. பழைய ஹோஸ்டிங்கில் அந்த சைட் இன்னும் நன்றாகத்தான் தெரிகிறது. டம்ப் கெட்டுவிட்டதா?

கிணற்றடி | வியாழன் இரவு 10.50

கெடவில்லை. ரொம்பப் பழைய சைட்டாக இருக்கும். டேபிளின் எழுத்து முறை லேட்டின்1 (ஐரோப்பிய எழுத்துகளுக்கானது), உள்ளே இருப்பது யூடிஎஃப்8 (தமிழும் அடங்கியது) பைட்டுகள். பழைய வேர்ட்பிரஸ் கான்ஃபிக்கில் சார்செட் வரி காலியாக இருக்கும், புதியதில் நீ யூடிஎஃப்8எம்பி4 என்று போட்டிருப்பாய். நம் எழுத்து ஒவ்வொன்றும் மூன்று பைட், ஒவ்வொரு பைட்டையும் தனி எழுத்து என்று நினைத்துக் காட்டுகிறது, அதனால்தான் அந்த ஏவும் ஆரும்.

பழைய ஹோஸ்டிங்கிலிருந்து டிஃபால்ட் கேரக்டர் செட் லேட்டின்1 என்று கொடுத்து மறுபடி டம்ப் எடு. கோப்பைத் திறந்து தலையில் உள்ள செட் நேம்ஸ் வரியிலும் டேபிள் உருவாக்கும் வரிகளிலும் லேட்டின்1 என்று இருப்பதை யூடிஎஃப்8எம்பி4 என்று மாற்று. அப்புறம் ஏற்று. அந்தப் பழைய ஹோஸ்டிங்கை அதற்குள் ரத்து செய்துவிடாதே.

நூல்கண்டு | வெள்ளி நள்ளிரவு 12.35

நாளைக்கு ரத்து செய்வதாக இருந்தேன் அக்கா.

மாற்றி ஏற்றினேன். "திருமண வைபவங்களுக்கு" வந்துவிட்டது. மீதி 33 சைட்டிலும் எது லேட்டின்1 என்று பார்க்க ஒரு ஸ்கிரிப்ட் எழுதிக்கொண்டிருக்கிறேன், இதுவரை ஆறு.